விண்டோஸ் அப்டேட் மாதாமாதம் பாதியில் திரும்பிவிடுகிறது: போமற் செய்வதா, அப்டேட்டையே நிறுத்துவதா?

வெள்ளவத்தையிலிருந்து எழுதியிருக்கும் நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் வைத்துக்கொள்கிறேன். 2017 இல் வாங்கிய டெஸ்க்டொப். ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ3, 8 ஜிபி ரேம், 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10 ஓடுகிறது, அதற்கான ஆதரவு முடிந்த பின்னும் கிடைக்கும் நீடிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டுக்கும் பதிவு செய்திருக்கிறீர்கள். ஆனால் மாதாந்த அப்டேட் ஒவ்வொரு முறையும் 35 சதவீதம் வரை போய், மாற்றங்களை மீளப்பெறுவதாக ஓர் அறிவித்தலைக் காட்டி, முக்கால் மணித்தியாலம் சுழன்றுவிட்டுப் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. அப்டேட் வரலாற்றில் 80070643 என்ற எண் தெரிகிறது. டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவினால், அதாவது போமற் செய்தால், சரியாகும் என்கிறார்கள் கடையில், பக்கத்து வீட்டுக்காரர் அப்டேட்டை ஒரேயடியாக நிறுத்திவிடச் சொல்கிறார். மகளின் உயர்தரப் பாடக் குறிப்புகளும் குடும்பப் படங்களும் அந்தக் கணினியில்தான் இருக்கின்றன. எதைச் செய்வது என்பது உங்கள் கேள்வி. இந்த இரண்டு யோசனைகளிலும் எது சரி என்று தெரிய வேண்டுமானால், பழுது அப்டேட்டில் இருக்கிறதா, கணினியில் இருக்கிறதா என்பதை முதலில் கண்டறிய வேண்டும். நீங்கள் உண்மையில் கேட்க நினைத்ததும் அதுவாகவே எனக்குப் படுகிறது.

நான் 18 வருடமாகக் கொழும்பில் வீட்டுக் கணினிகளும் சிறு அலுவலகக் கணினிகளும் திருத்துகிறவன். அப்டேட் கெடுத்துவிட்டது என்று என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை, அப்டேட் வருவதற்கு முன்பே உள்ளுக்குள் பழுதடைந்திருந்தவை. இதற்குக் காரணம் இருக்கிறது. அன்றாடப் பாவனையில் நீங்கள் திறக்கும் கோப்புகள் ஹார்ட் டிஸ்க்கின் ஒரு சிறு பகுதியையே தொடுகின்றன. மாதாந்த அப்டேட் அப்படியல்ல. அது முதலில் தரவிறங்குகிறது, பிறகு இயங்குதளத்தின் பழைய பாகங்களும் புதிய பாகங்களும் ஒன்றாகச் சேமிக்கப்படும் களஞ்சியத்துக்குள் விரிக்கப்படுகிறது, ரீஸ்டார்ட் ஆகும்போது ஆயிரக்கணக்கான கோப்புகள் படிக்கப்பட்டு மாற்றப்படுகின்றன. வருடக்கணக்கில் யாரும் தொடாத மூலைகளையும் அன்றைக்குத்தான் அது படிக்க முயல்கிறது. அங்கே ஒரு கோப்பு படிக்க முடியாமல் போனால், அரைகுறையாக விட்டுவிடாமல் முழுவதையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஆகவே நீங்கள் பார்த்த அந்த மீளப்பெறும் திரை ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. அது வேலை செய்திருப்பதால்தான் உங்கள் கணினி இன்னும் திறக்கிறது. திரையில் ஓடும் சதவீதம் நேரத்தின் அளவு அல்ல என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் 35 இலேயே ஒரு மணித்தியாலம் நிற்கலாம். பெட்டியின் முன்பக்கத்தில் உள்ள சிறு விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும் வரை வேலை நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள், சுவிட்சில் கை வைக்காதீர்கள்.

அடுத்ததாக அந்த எண். 80070643 உம் 35 சதவீதத்தில் திரும்புவதும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள் என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். அவை வெவ்வேறாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அப்டேட் வரலாற்றில் அந்த எண் எந்த வரியின் கீழ் வருகிறது என்று பாருங்கள். 2024 ஜனவரியில் வந்த கேபி 5034441 என்ற பெயருக்குக் கீழே இருந்தால் விடயம் தெளிவு. கணினி திறக்காதபோது உதவும் மீட்புச் சூழலுக்கென ஹார்ட் டிஸ்க்கில் ஒரு சிறிய பகுதி ஒதுக்கப்பட்டிருக்கும். அந்த அப்டேட்டுக்கு அங்கே 250 எம்பி வெற்றிடம் தேவைப்பட்டது. பழைய கணினிகள் பலவற்றில் அவ்வளவு இடம் இருக்கவில்லை. இடம் போதவில்லை என்று நேராகச் சொல்லாமல் இந்தப் பொதுவான எண்ணைக் காட்டியதுதான் உலகம் முழுக்கக் குழப்பத்துக்குக் காரணமாயிற்று. அந்த அப்டேட்டுக்கு ரீஸ்டார்ட் தேவையில்லை, ஆகவே உங்கள் 35 சதவீதத் திரையை அது உண்டாக்கியிருக்க முடியாது. மேலும் அது அடைக்க வந்தது, டிஸ்க்கைச் சாவி போட்டுப் பூட்டும் பிட்லொக்கர் குறியாக்கத்தைக் கடந்து செல்லும் ஒரு வழியை. பிட்லொக்கர் போடாத வீட்டுக் கணினிக்கு அதனால் நடைமுறை இழப்பு ஏதுமில்லை. அந்தப் பகுதியைப் பெரிதாக்கும் முறையை மைக்ரோசொஃப்ட் வெளியிட்டிருக்கிறது, ஆனால் அதில் ஒரு வரி பிழைத்தாலும் முழு டிஸ்க்கும் போகும். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். வேறு வரியின் கீழ் இருந்தால், மென்பொருட்கள் ஓடுவதற்கு உதவும் டொட்நெட்டின் அப்டேட்டுகளும் விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபென்டரின் அப்டேட்டுகளும் இதே எண்ணைக் காட்டுவதுண்டு என்பதால், எண்ணை மட்டும் வைத்து நான் ஒன்றும் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். 35 சதவீதத்தில் திரும்பிய அப்டேட்டின் வரியில் உள்ள எண்தான் எனக்குத் தேவை. அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதில் என் கண்ணை உறுத்தியது ஹார்ட் டிஸ்க்தான். 2017 முதல் சுழலும் ஒரு தட்டு, கடற்கரைக்கு அருகில், இடையிடையே கரண்ட் போய்வரும் வீட்டில். சில வருடங்களுக்கு முன் கொட்டாஞ்சேனையில் ஓர் ஆசிரியையின் கணினி இதே குறையோடு என்னிடம் வந்தது. அதற்கு முன் ஒரு வருடத்துக்குள் இரண்டு முறை வெளியில் போமற் செய்திருந்தார்கள், இரண்டு முறையும் ஓரிரு மாதம் நன்றாக ஓடியிருக்கிறது. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி டிஸ்க்கின் மேல் விரலை வைத்துக்கொண்டு ஒரு பெரிய கோப்புறையைப் பிரதி எடுக்க விட்டேன். சீராகச் சுழன்றுகொண்டிருந்தது, திடீரென்று ஒரு சிறு தட்டல், மௌனம், மறுபடி தட்டல். அந்த நேரத்தில் திரையில் பிரதி எடுக்கும் வேகம் பூச்சியத்துக்கு இறங்கி நின்றது. போமற் செய்தபோது பழுதான இடங்கள் தற்செயலாக வெறுமையாக விடப்பட்டு, கோப்புகள் நிறைய நிறைய மறுபடி அங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. அந்த ஆசிரியை இரண்டு தடவையும் காசு கொடுத்தது வியாதியைச் சில வாரம் தள்ளிப்போடுவதற்காகத்தான்.

உங்களுடையதும் அப்படித்தான் என்று பார்க்காமல் சொல்ல முடியாது, ஆனால் சோதிப்பது எளிது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கித் திறந்தால், டிஸ்க்கின் உடல்நிலை நிறமாகத் தெரியும்: நீலம் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு ஆபத்து. மஞ்சளாக இருந்தால் 05 என்று தொடங்கும் வரியையும் சி5 என்று தொடங்கும் வரியையும் பாருங்கள். முதலாவது, பழுதாகி மாற்றிடம் கொடுக்கப்பட்ட துண்டுகளின் எண்ணிக்கை. இரண்டாவது, படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் துண்டுகளின் எண்ணிக்கை, என் அனுபவத்தில் அப்டேட்டைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இதுதான். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் டிஸ்க் என்ற மூலத்தின் கீழ் 7 என்ற இலக்க நிகழ்வு இருந்தாலும் பொருள் அதுவே. நீலமாக இருப்பது முழு உத்தரவாதம் ஆகாது. நீலம் காட்டிய மறுவாரமே செத்த டிஸ்க்குகளையும் பார்த்திருக்கிறேன். மஞ்சளோ சிவப்போ காட்டினால் மட்டும் அதை நம்பலாம்.

எந்த நிறம் வந்தாலும் அடுத்த வேலையைத் தொடங்குமுன் குறிப்புகளையும் படங்களையும் ஒரு வெளி டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ பிரதி எடுத்துக் கழற்றி வையுங்கள். மஞ்சள் என்றால் வேறு எந்தத் திருத்தமும் முயல வேண்டாம். டிஸ்க் முழுவதையும் படிக்கும் எந்தச் சோதனையும் அதன் மீதி ஆயுளைத்தான் தின்னும். அப்போது கடைக்காரர் சொன்ன போமற் பாதி சரியாகிவிடுகிறது, ஆனால் வேறு டிஸ்க்கில். சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி ஒன்றை, 240 அல்லது 480 ஜிபி அளவில், வாங்கி அதில் விண்டோஸைப் புதிதாக நிறுவச் சொல்லுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்காமல் கழற்றி உங்கள் கையிலேயே தரச் சொல்லுங்கள். விண்டோஸ் 10 முறையாக அனுமதி பெற்றதாக இருந்தால் அதே மதர்போர்டில் மீள நிறுவி இணையத்தோடு இணைத்ததும் தானாகவே செயல்படும், புதிய அனுமதிக்குக் காசு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. ஏழாம் தலைமுறை ஐ3 இன்னும் கிழடாகிவிடவில்லை. எஸ்எஸ்டி போட்ட அன்றைக்கே வேறு கணினிபோலத் தோன்றும்.

டிஸ்க் நீலமாக இருந்தால், இரண்டு அற்பக் காரணங்களை முதலில் நீக்கிக்கொள்ளுங்கள். ஒன்று இடம். சி டிரைவில் 20 ஜிபியாவது வெறுமையாக இருக்கட்டும் என்பது என் வழக்கம். இடம் போதாவிட்டால் பெரும்பாலும் 80070070 என்ற எண் வரும். டிஸ்க் கிளீனப்பில் சிஸ்டம் கோப்புகளையும் சேர்த்துத் தேடச் சொன்னால், பழைய அப்டேட்டுகளின் எச்சங்கள் மட்டுமே சில ஜிபி தேறும். விண்டோஸ் 10 இன் சில பதிப்புகளில் டவுன்லோட்ஸ் கோப்புறைக்கும் அந்தப் பட்டியலில் ஒரு கட்டம் இருந்தது, மகளின் குறிப்புகள் அங்கே இருக்கலாம், அது தெரிந்தால் அதை மட்டும் தெரிவு செய்துவிடாதீர்கள்.

மற்றையது கடிகாரம். நம்மில் பலர் வீட்டில் படுக்கப் போகுமுன் சுவரில் உள்ள பிளக் சுவிட்சையும் அணைத்துவிடுவது வழக்கம். இடிமின்னல் நாட்டில் நல்ல வழக்கம்தான். ஆனால் அப்போது கணினியின் கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் உள்ள ஒரு சிறு வட்ட பற்றரி மட்டுமே. சிஆர் 2032 என்பார்கள், 3 வோல்ட், எட்டு வருடத்தில் அநேகமாகத் தீர்ந்திருக்கும். தெஹிவளையில் ஒரு வீட்டுக் கணினி தினமும் காலையில் பல வருடம் பின்னுக்குப் போய் எழும்பிற்று. வீட்டார் அதைக் கவனிக்கவே இல்லை, இணையத் தளங்கள் பாதுகாப்பற்றவை என்று வருகிறது, அப்டேட் இறங்கவில்லை என்று மட்டுமே முறையிட்டார்கள். திகதி பிழைத்தால் மைக்ரோசொஃப்ட்டின் சேவையகம் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழைக் கணினி நம்ப மறுக்கும், 80072எஃப்8எஃப் என்ற எண்ணோடு அப்டேட் நின்றுபோகும். பற்றரியை மாற்றினால் தீர்ந்தது. நேர வலயப் பட்டியலில் ஸ்ரீ ஜயவர்தனபுர என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைத் தெரிவு செய்யுங்கள். சென்னை, கொல்கத்தா என்றிருப்பதும் இன்று அதே 5 மணி 30 நிமிட வித்தியாசம்தான் என்பதால் அது பிழையாகாது.

சுவிட்சை அணைப்பதில் இன்னொரு விளைவும் உண்டு. ஓர் அப்டேட் வெளியான பின் அது ஒழுங்காக இறங்கி நிறுவப்படுவதற்கு, கணினி இடைவிடாமல் குறைந்தது 2 மணித்தியாலமும் மொத்தத்தில் குறைந்தது 6 மணித்தியாலமும் இணையத்தோடு இணைந்திருக்க வேண்டும் என்று மைக்ரோசொஃப்ட் 2022 இல் தெரிவித்தது. மாலையில் முக்கால் மணித்தியாலம் மட்டும் திறந்து பாடம் பார்த்துவிட்டு மூடும் கணினி இந்த அளவைத் தொடுவதில்லை. மேலும் விண்டோஸ் 10 இல் ஷட் டவுன் கொடுப்பது, வழக்கமான அமைப்பில், முழுமையான அணைப்பு அன்று. விரைவாகத் திறப்பதற்காக இயங்குதளத்தின் கருவை டிஸ்க்கில் எழுதி வைத்து மறுநாள் அதையே எடுத்து விரிக்கிறது. உள்ளுக்குள் சிக்கிய ஒன்று சிக்கியபடியே தொடரலாம். ஆகவே பிரச்சினை என்று வந்தால் முதலில் ரீஸ்டார்ட் கொடுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் அப்டேட் திரும்பினால், சந்தேகம் விண்டோஸின் சொந்தக் கோப்புகள் மேல் போகிறது. பிரின்டர், பென் டிரைவ், வெளி டிஸ்க் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, விசைப்பலகையும் மவுஸும் மட்டும் இருக்க ஒருமுறை முயன்று பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால், சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் அப்டேட் சேவையையும், கோப்புகளைப் பின்னணியில் இறக்கும் பிட்ஸ் சேவையையும் நிறுத்தி, சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் சொஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் என்ற கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். பாதி இறங்கிக் கெட்டுப்போன அப்டேட் கோப்புகள் அங்கேதான் கிடக்கும். விண்டோஸ் புதிய கோப்புறையை உருவாக்கி மறுபடி முதலிலிருந்து இறக்கும். இதனால் உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அப்டேட் வரலாறு திரையில் வெறுமையாகிவிடும். முன்கூட்டியே படமெடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

அடுத்து, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிரொம்ப்ட் சாளரத்தை நிர்வாகி உரிமையோடு திறந்து, டிஸ்ம் என்னும் கருவியை ஒன்லைன், கிளீனப்-இமேஜ், ரெஸ்டோர்ஹெல்த் என்ற மூன்று சொற்களோடு, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சாய்கோடு இட்டு, ஓட விடுங்கள். இது 62.3 சதவீதத்தில் உயிர் போனதுபோல நிற்பது பிரசித்தம். தேநீர் குடித்துவிட்டு வாருங்கள், தானாக நகரும். அது முடிந்த பின்னரே எஸ்எஃப்சி என்னும் மற்றக் கருவியை ஸ்கேன்நவ் என்ற சொல்லோடு ஓட்ட வேண்டும். பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எஸ்எஃப்சி பழுதான கோப்புக்கு மாற்றாக எடுக்கும் நல்ல பிரதி களஞ்சியத்தில் இருக்கிறது, களஞ்சியத்தையே திருத்துவது டிஸ்ம். களஞ்சியம் கெட்டிருக்கும்போது எஸ்எஃப்சியை ஓட்டினால், பழுதைக் கண்டேன், சிலவற்றைத் திருத்த முடியவில்லை என்ற பதிலே வரும். டிஸ்ம் வேண்டிய கோப்புகளை இணையத்திலிருந்து எடுப்பதால் ரவுட்டர் இயங்க வேண்டும்.

அதுவும் பலிக்காவிட்டாலும் போமற்றுக்கு முன் இன்னொரு படி இருக்கிறது. கடைகளில் இதைச் சொல்வது குறைவு. மூன்று மணித்தியாலம் காத்திருக்க வேண்டியிருப்பது காரணமாக இருக்கலாம். மைக்ரோசொஃப்ட் தளத்தில் விண்டோஸ் 10 க்கான மீடியா கிரியேஷன் கருவியை இறக்கி, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து நிறுவலைத் தொடங்கி, கோப்புகளையும் மென்பொருட்களையும் வைத்திரு என்பதைத் தெரிவு செய்தால், இயங்குதளம் மட்டும் புதிதாகும். படங்களும் குறிப்புகளும் மென்பொருட்களும் இருந்தபடியே இருக்கும். சில ஜிபி அளவிலான தரவிறக்கம், ஆகவே கைப்பேசி டேட்டாவில் தொடங்க வேண்டாம். டிஸ்க் நல்ல நிலையில் இருக்கும் கணினிகளில், போமற் தவிர வழியில்லை என்று வந்தவற்றில் பலவற்றை நான் இப்படியே மீட்டிருக்கிறேன்.

இந்த வேலைகளை எப்போது செய்வது என்பதும் முக்கியம். கரண்ட் போகும் என்று தெரிந்த நாளிலோ, ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இடிமழை கறுக்கும் பிற்பகலிலோ அப்டேட் ரீஸ்டார்ட்டைத் தொடங்க வேண்டாம். இடையில் கரண்ட் போனால் அநேகமாக மீளப்பெற்றுத் திரும்பிவிடும், ஆனால் சுழலும் தட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுவது அதற்கு நல்லதன்று. வீடுகளில் இருக்கும் சிறிய யூபிஎஸ் சில நிமிடம்தான் தாங்கும். அது அப்டேட்டை முடிக்கப் போதாது, கண நேரத்துக்கு மினுங்கி வரும் கரண்ட்டுக்கே உதவும்.

பக்கத்து வீட்டுக்காரரின் யோசனையைப் பற்றி: அப்டேட்டை ஒரேயடியாக நிறுத்துவதை நான் எந்த வீட்டுக்கும் சொல்ல மாட்டேன். 2017 மே 12 ஆம் திகதி பரவத் தொடங்கிய வொன்னாகிரை என்ற தீங்கு நிரல் 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14 ஆம் திகதியே வந்துவிட்டது. இரண்டு மாதம் இருந்தும் போடாதவர்களே பெரும்பாலும் அகப்பட்டார்கள். அதேவேளை உங்கள் அயலவரின் பயத்துக்கும் ஆதாரம் இல்லாமலில்லை. 2018 ஒக்டோபரில் வந்த பெரிய அப்டேட் சிலரது டொகியுமென்ட்ஸ் கோப்புறையையே அழித்துவிட, மைக்ரோசொஃப்ட் சில நாட்களில் அதை நிறுத்தி, நவம்பர் 13 ஆம் திகதிதான் மறுபடி வெளியிட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சில நாள் தாமதித்துப் போடுவதே நல்லது. மாதாந்தப் பாதுகாப்பு அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்காவின் பசுபிக் நேரம் காலை 10 மணிக்கு வருகிறது. கொழும்பில் அப்போது இரவு 10.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 11.30. நமக்கு நடைமுறையில் புதன்கிழமை. இடைநிறுத்தும் வசதியில் 7 நாள் கொடுத்துவிட்டு, அந்த வாரம் உலகில் ஏதும் உடைந்ததா என்று பார்த்து அடுத்த வார இறுதியில் போடுங்கள். 35 நாள் வரை நீட்டலாம், ஆனால் அவ்வளவு தேவையில்லை. மகள் படிக்கும் நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகிவிடுமோ என்ற பயமிருந்தால், பாவனை நேரம் என்ற அமைப்பில் நாளுக்கு 18 மணித்தியாலம் வரை காவல் போடலாம்.

மாதாந்த அப்டேட்டுகள் திரண்டு வருபவை என்பதையும் அறிந்திருங்கள். கடைசியாக வந்ததற்குள் முந்தையவை எல்லாம் அடங்கும், ஆகவே தவறிப்போன ஒவ்வொரு மாதத்தையும் தனித்தனியாகத் தேடி நிறுவத் தேவையில்லை. அப்டேட்டுகள் தின்னும் டேட்டாவை எப்படிக் கட்டுப்படுத்துவது என்றும் கேட்டிருந்தீர்கள். இணைப்பை மீட்டர் செய்யப்பட்டது என்று குறித்துவிட்டால் பெரிய அப்டேட்டுகள் கேட்காமல் இறங்காது. இரவு நேர டேட்டா தனியாக உள்ள பொதியென்றால் அந்த நேரத்தில் குறியை எடுத்துவிடுங்கள், திரும்பப் போட மறக்காதீர்கள்.

கேட்கக் கூச்சமான ஒரு விடயம், ஆனாலும் கேட்டே ஆக வேண்டும். கணினி வாங்கியபோது விண்டோஸ் எப்படி நிறுவப்பட்டது? கொழும்பில் கூட்டிப் பொருத்தி விற்கப்பட்ட கணினிகள் பலவற்றில் செயற்படுத்தி என்ற பெயரில் ஒரு திருட்டு மென்பொருள் ஓட்டப்பட்டிருக்கும், அல்லது சில பாகங்கள் வெட்டி எடுக்கப்பட்ட விண்டோஸ் போடப்பட்டிருக்கும். முன்னையது அப்டேட் சேவைகளில் கைவைத்திருக்கலாம், பின்னையதில் அப்டேட் நிறுவத் தேவையான பாகமே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் மேலே சொன்ன டிஸ்ம் முதலிய எதுவும் உதவாது. அனுமதி பெறாத விண்டோஸுக்கும் மாதாந்தப் பாதுகாப்பு அப்டேட்டுகள் வருகின்றன. ஆகவே அப்டேட்டுக்காக அந்தத் திருட்டு மென்பொருளை வைத்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதி முடிந்துவிட்டது. நீங்கள் பதிவு செய்த நீடிப்பு 2026 ஒக்டோபர் 13 வரை. அமைப்புகளை மைக்ரோசொஃப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் அது இலவசம், இல்லாவிட்டால் 30 டொலர், ஏறத்தாழ 9,000 ரூபாய். இலவச வழியில் பதிந்திருந்தால் பிழையொன்றுமில்லை. டிஃபென்டரின் வைரஸ் பட்டியல் 2028 ஒக்டோபர் வரை வரும் என்பதைச் சிலர் முழுப் பாதுகாப்பு என்று விளங்கிக்கொள்கிறார்கள். அது கள்ளனின் படத்தைக் காவலாளியிடம் கொடுப்பது, மதிலில் உள்ள ஓட்டையை அடைப்பது அன்று. விண்டோஸ் 11 க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும் என்பதால் உங்கள் ஐ3 அதிகாரபூர்வமாகத் தகுதி பெறாது. தடையைத் தாண்டி நிறுவும் வழிகள் இருக்கின்றன, ஓடவும் ஓடும், ஆனால் அப்படி நிறுவியவற்றுக்கு அப்டேட் தொடரும் என்று மைக்ரோசொஃப்ட் வாக்குக் கொடுப்பதில்லை. அப்டேட் தொல்லையிலிருந்து தப்ப நினைக்கும் உங்களுக்கு அது பொருந்தாது. பாடம் படிப்பதும் இணையமும் தமிழில் தட்டச்சும்தான் தேவை என்றால், அதே கணினியில் எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை முயன்று பார்க்கலாம். மகளின் பாடத்துக்கு விண்டோஸ் மென்பொருள் ஏதும் கட்டாயமா என்பதை முதலில் அவரிடமே கேளுங்கள்.

எப்படியும் கடைக்குத்தான் கொண்டுபோவதென்றால், போகுமுன் செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் அல்லது பிட்லொக்கர் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். அதைத் தாளில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். 2017 டெஸ்க்டொப்பில் அது போடப்பட்டிருக்க வாய்ப்புக் குறைவு, ஆனால் டிஸ்க்கைக் கழற்றிய பிறகு தெரியவந்தால் அந்தச் சாவி இல்லாமல் குறிப்புகளை யாராலும் திறக்க முடியாது. கடையில் டிஸ்க்கின் நிறத்தை உங்கள் கண் முன்னே திறந்து காட்டச் சொல்லுங்கள். வீட்டிலேயே பார்த்தீர்களானால் அந்த நிறத்தையும், 05, சி5 வரிகளில் உள்ள எண்களையும், 35 சதவீதத்தில் திரும்பிய அப்டேட்டுக்கு நேரே உள்ள பிழை எண்ணையும் இங்கே எழுதுங்கள், மேற்கொண்டு எங்கே பார்ப்பது என்று சொல்கிறேன்.